புதையாத உதயன் டயர் வாங்கிய கதை

எங்கள் ஊரில் ஒருவர் பட்டப்பெயர் வாங்குவது பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்குவதைவிடக் கடினம். பல்கலைக்கழகத்துக்கு நாலைந்து வருடம் போய்வந்தால் தந்துவிடுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக எனக்கே தந்தார்கள். கடற்கரை அப்படி இலகுவில் தராது. ஒருவரை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்து, ஆளை எடைபோட்டு, பிறகுதான் ஒரு பெயரை ஒட்டும். கதிரவெளிக் கடற்கரை என் மாமா உதயரூபனுக்கு ஒட்டிய பெயர் ‘புதையாத உதயன்’.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஐம்பது வயது தாண்டியவர், ஒரு வெள்ளை டபுள் கெப்பின், அதாவது இரண்டு வரிசை சீற்றும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள வண்டியின், சொந்தக்காரர். கரையில் நின்று கயிற்றால் இழுக்கும் கரைவலையில் விழும் மீனைக் கடற்கரையிலேயே விலைபேசி வாங்கி, பின்னால் ஐஸ் பெட்டிகளில் அடுக்கி, ஓட்டமாவடிக்கோ மட்டக்களப்புக்கோ கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். அந்தத் தொழிலுக்கு மீனைப் பற்றித் தெரிந்திருப்பது இரண்டாவது தகுதி. முதலாவது, கெப்பைத் தண்ணீர் ஓரம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தத் தெரிந்திருப்பது. மீன் சேர்ந்த பையான வலையின் மடி கரையேறும்போது அதற்கு ஆகக் கிட்ட எந்த வண்டி நிற்கிறதோ அந்த வண்டிக்காரர்தான் முதலில் விலை கேட்கலாம். இது எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. அதனாலேயே இன்றுவரைக்கும் ஒருவரும் மீறவில்லை.

கடற்கரைக்கு இன்னொரு சட்டமும் உண்டு: கயிற்றைத் தொட்டவனுக்குப் பங்கு. வலைக்காரரின் ஆட்கள் மட்டுமல்ல, சும்மா காற்று வாங்க வந்த ஒருவர் கடைசி நேரத்தில் கயிற்றில் கைவைத்து இழுத்தாலும் அவருக்கும் ஒரு கை மீன் கிடைக்கும். தகுதி கேட்கமாட்டார்கள், அனுபவம் கேட்கமாட்டார்கள். விண்ணப்பங்கள் அனுப்பி அனுப்பி அலுத்த என்னைப் போன்றவர்கள் இந்த முறையை யோசித்துப் பார்க்கலாம்.

வீதியோரத்தில் புதராக மண்டிய தாழம்பற்றைகளைத் தாண்டினால் கடல் வரைக்கும் பொலபொலவென்ற மணல். மற்ற வண்டிக்காரர்கள் பலகை போடுவார்கள், தென்னோலை போடுவார்கள், சாக்கு விரிப்பார்கள், இறங்கித் தள்ளுவார்கள். மாமா மட்டும் ஒரு கையை ஸ்டேரிங்கில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் வெற்றிலையை வாய்க்குள் தள்ளிக்கொண்டு, தண்ணீர் வரைக்கும் போய் நிற்பார். எப்படி என்று கேட்டால், “மணலோட கதைக்கத் தெரியணும்” என்பார். என்ன கதைப்பது என்று சொல்லமாட்டார்.

இந்தப் பெயர் அவருக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்குச் சொந்தமென்று அதிகம் இருக்காது. வீடு பெண்ணோடு வரும். மாமா அஜந்தா மாமியைக் கட்டி மாமியின் வீட்டுக்குப் போனவர். அந்த வீட்டைக் கடல் கொண்டுபோனது. பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கட்டித் தந்த வீடும் மாமியின் காணியில், மாமியின் பேரில்தான் எழும்பியது. நாளைக்கு அது மகளுக்குப் போகும். கெப் மட்டும் மாமாவின் பேரில் இருந்தது. அதுவும், வேலை முடிந்து ஊரைவிட்டுப் போன இன்னொரு தொண்டு நிறுவனம் ஏலத்தில் விட்டது. கதவில் ஒட்டியிருந்த சின்னத்தை உரித்த இடம் மற்ற வெள்ளையைவிடக் கூட வெள்ளையாக, எதையோ தாங்குகிற இரண்டு கைகளாக இன்னும் தெரியும். ஆக மாமாவின் ஆதனம் இரண்டு: ஒரு கெப், ஒரு பெயர்.

கடற்கரையில் ஓடும் வண்டியின் ரிம்மை உப்பு தின்னும். மாமாவின் ரிம்கள் துருப்பிடித்துச் செதில் செதிலாக உரிந்தன. டயருக்கும் ரிம்முக்கும் இடையால் காற்று கசியும். பின்னேரம் இறுக்கமாக அடித்துவைத்தாலும் விடியப் பார்த்தால் பாதிக் காற்றுத்தான். டயர்களும் வழுக்கை. காலையில் கடற்கரை கிட்ட என்பதால் அப்படியே போய்விடுவார். மீன் ஏற்றி வீதிக்கு வந்ததும் தாழம்பற்றை ஓரத்தில் நிறுத்தி, கெப்பின் பற்றரியில் ஓடும் ஒரு சின்னக் கரண்ட் பம்பால் நாலு டயருக்கும் காற்று அடிப்பார். அந்தப் பம்பின் கரகரப்பும் அவர் வாயிலிருந்து வரும் வசனங்களும் வீதி நெடுகக் கேட்கும்.

“செத்த சாமான். விடிஞ்சா இதுக்குச் சேலைன் ஏத்திறதுதான் என்ட உத்தியோகம்.”

இதைப் பார்த்துப் பகிடி பண்ணிச் சிரிக்கிறவர்களில் முதல் ஆள் சாலிஹ். ஓட்டமாவடிக்காரர், பருவத்தில் மட்டும் எங்கள் கடற்கரைக்குக் கிட்ட ஒரு ஓலைக் குடிசையில் தங்குபவர், மாமாவைவிட வயதில் நன்றாகக் குறைந்தவர். அதே ரகக் கெப், அதே தொழில், ஆனால் எப்போதும் பாதி மணலில் நின்று தள்ளிக்கொண்டிருப்பவர். அதனால் எப்போதும் இரண்டாவதாக விலை கேட்பவர்.

“அண்ணன்ட டயரும் எங்கட வாப்பாட தலையும் ஒண்டு,” என்பார் சாலிஹ். “ஆனா வாப்பா தொப்பியாவது போடுறார்.”

மாமாவும் சேர்ந்துதான் சிரிப்பார். ஆனால் போன மீன்பிடிப் பருவம் முடிகிற மட்டில், பனிச்சங்கேணிப் பாலத்துக்குக் கிட்ட, அந்த டயர்களில் ஒன்று வெடித்தது. மாற்று டயர் அதைவிட மோசம். உதவி வந்து சேருவதற்குள் ஐஸ் கரைந்து, பெட்டி பெட்டியாகச் சூடை மீன் வீதியோரத்தில் நாறிப்போனது. அன்று வீட்டுக்கு வந்து கெப்பைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு மாமா சொன்னார்: “இனி வாங்கினா, நான் செத்தாலும் சாகாத டயர்தான்.”

மாரி காலத்தில் கடல் கொந்தளிக்கும்; வலை இறங்காது. அந்த மாதங்கள் முழுக்க மாமா டயர் தெரிவு செய்தார். முதலில் என்னிடம்தான் வந்தார்.

“கம்சா புள்ள, உன்ட போனில, காடு மேடு கல்லு எல்லாத்துக்கும் தாங்குற டயர் எது எண்டு பார். இங்கிலிசில கிடக்குமாம். நீ படிச்சவள்.”

நான் படித்தது புவியியல். ஆனால் எங்கள் குடும்பத்தில் படித்தவள் என்றால் எல்லாம் படித்தவள். மருந்துச் சீட்டு, மின்சாரப் பில், கந்தோரிலிருந்து சிங்களத்தில் வரும் கடிதம், எல்லாம் என்னிடம் வரும். வேலை மட்டும் இன்னும் வரவில்லை. ஆகவே நேரம் இருந்தது. அவுஸ்திரேலியாவின் நடுவில் எங்கோ இருக்கிற ஒருவர் தன் பிக்கப்புக்குப் போட்ட டயர்களைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்து வாசித்துச் சொன்னேன்.

“கல்லு ரோட்டில இவ்வளவு தூரம் ஓடியும் டயர்ட பல்லுத் தேயல்லையாம், மாமா.”

“ஆள் என்ன தொழில்?”

“அது போடல்ல.”

“தொழில் தெரியாத மனிசன்ட கதைய என்னெண்டு நம்புற? சரி, மறுகா?”

“பக்கச் சுவர் நல்ல தடிப்பாம். முள்ளு, கூர்க்கல்லு ஒண்டும் ஏறாதாம்.”

“அப்ப நல்ல மனிசன். மறுகா?”

“மணலுக்க இறங்கக்குள்ள காத்தில பாதியக் குறைக்கட்டாம்.”

“அத விடு,” என்றார் மாமா. “அவனுக்குக் காத்தடிக்கிற கரைச்சல் தெரியாது. பல்லப் பத்திச் சொல்லு.”

நான் பல்லைப் பற்றிச் சொன்னேன். கேட்கிறவர் விரும்புவதைத் தேடி எடுத்துச் சொல்வதற்கு நாலு வருடப் படிப்புத் தேவையா என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதையும் விட்டேன்.

போன் மட்டும் போதாது என்று மாமா நேரிலும் பார்த்தார். வீதியில் எந்தப் பெரிய வண்டி நின்றாலும் இறங்கிப்போய், பழுத்ததா என்று வத்தகப்பழத்தைத் தட்டுவது போல டயரை விரல் முட்டியால் தட்டிக் காது வைத்துக் கேட்பார். ஒரு முறை இராணுவ லொறியைத் தட்டப் போய், உள்ளே இருந்தவர்கள் இறங்கிவர, மாமா தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்து டயரைப் புகழ்ந்து தப்பி வந்தார்.

மாமிக்குப் பொறுக்கவில்லை. “என்னப் பாக்க வந்த அண்டைக்கு, குடுத்த தேத்தண்ணி ஆறக்கு முதல் ஓம் எண்டவர். டயருக்கு மாரி முழுக்க யோசிக்கிறார்.”

“உன்ன மாத்த ஒண்ணாது எண்டு தெரிஞ்சுதானே வந்த நான்,” என்றார் மாமா. “மாத்த ஒண்ணாத சாமானுக்கு யோசிச்சு என்னத்துக்கு?”

மாமி அன்று அவருக்கு மீன் கறியில் சதையில்லாத தலைத்துண்டு மட்டும் போட்டார்.

தை கடைசியில் மூவரும் காத்தான்குடிக்குப் போனோம். மாமி புடவைக் கடைக்கு, மாமாவும் நானும் டயர்க் கடைக்கு. கடை அப்துல் கபூர் முதலாளியுடையது. அவர் பள்ளிவாசலுக்கும் கடைக்குமாக இருப்பதால் வியாபாரம் பார்ப்பது மகன் றிப்ஷான். றிப்ஷான் கத்தாரில் சாரதியாக இருந்து திரும்பியவர். மூன்று விதமான டயர்களை உருட்டிக்கொண்டு வந்து மாமாவுக்கு முன்னால் நிறுத்தினார். முதலாவது ரோட்டுக்கு, மெல்லிய கோடுகள். இரண்டாவது ரோட்டுக்கும் காட்டுக்கும் பொது. மூன்றாவது சேற்றுக்கும் மலைக்கும். கருங்கல் துண்டுகளை அடுக்கியது போல ஒவ்வொரு பல்லும் கட்டை கட்டையாக நின்றது. மாமா இரண்டு பற்களுக்கு நடுவில் விரலை விட்டார். விரல் மறைந்தது.

“இதுதான்.”

“அண்ணன் எங்க ஓடுற?”

“கதிரவெளிக் கடற்கரை. கல்லு ரோட்டும் இரிக்கி.”

“மணலுக்கு இவ்வளவு பல்லுத் தேவல்ல அண்ணன். பல்லு தோண்டும். நடுவில இரிக்கிறத எடுங்க.”

“தோண்டுறதுக்குத்தானே தம்பி பல்லு.”

றிப்ஷான் சிரித்தார். “சரி, எடுக்கிறெண்டா எடுங்க. ஆனா மணலுக்கு இறங்கக்குள்ள காத்தக் குறைச்சிருங்க. நான் கத்தார் வனாந்தரத்தில ஓடினவன். டயர் ஒட்டகத்திர கால் மாதிரிச் சப்பட்டையா நிக்கோணும்.”

மாமாவின் முகம் மாறியது. “தம்பி, இத்தன வருசமா சப்பட்டை டயரோட திரிஞ்சு மானம் போன மனிசன் நான். காத்துப் போகாத டயர் வேணுமெண்டு வந்திரிக்கன். நீ அத வித்திட்டுக் காத்தப் புடுங்கச் சொல்ற. மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி வாங்கிக் குடுத்திட்டு, அவுத்துத் தோள்ல போட்டுட்டுப் போ எண்டு சொல்ற மாதிரி இரிக்கி.”

நல்ல வியாபாரி அறிவுரையை ஒரு தரம் சொல்வார்; இரண்டாம் தரம் பில் எழுதுவார். றிப்ஷான் பில் எழுதினார். துருப்பிடித்த ரிம்களில் புது டயரைப் பூட்டுவது பாவம் என்று புது ரிம்களும் ஏறின. நாலு டயரும் ஏறி நின்றபோது கெப் ஒரு சாண் உயர்ந்துவிட்டது. புடவைப் பொதியோடு வந்த மாமி ஏறுவதற்கு ஒரு பலாக்கட்டை போட வேண்டியிருந்தது.

வெடித்ததற்குப் பதிலாகப் பிறகு போட்ட ஒரு பழைய டயரும் சேர, நாலு பழைய டயர்களையும் ரிம்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுக்கொட்டில் ஓரத்தில் போட்டார். கேள்விப்பட்டுச் சாலிஹ் வந்தார். அவருடைய டயர்களில் நூல் தெரியத் தொடங்கியிருந்தது; புதுசு வாங்க வசதிப்படவில்லை.

“இந்தப் பருவம் மட்டும் ஓடினாக் காணும், அண்ணன்.”

“செத்த சாமான் தம்பி. எடுத்திட்டுப் போ. ஒண்டும் தர வேணாம். இந்தப் பம்பையும் எடு, இனி எனக்கு என்னத்துக்கு?”

இவ்வளவு தாராளமாக மாமா ஒருவருக்கும் எதையும் கொடுத்து நான் கண்டதில்லை.

பங்குனியில் கடல் அடங்கி முதல் வலை இறங்கியது. வலை சாமித்தம்பி முதலாளியுடையது. புது டயரைப் பார்க்கவே பாதி ஊர் கடற்கரையில் நின்றது. மாமா வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்திருந்தார். தாழம்பற்றையைத் தாண்டி மணலுக்குள் இறங்கினார். கொஞ்சத் தூரம் கம்பீரமாகப் போனது. பிறகு கெப் முன்னால் போவதை விட்டுவிட்டுக் கீழே போகத் தொடங்கியது. பற்கள் அவற்றின் வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்தன. மாமா மிதிக்க மிதிக்க அவை தோண்டின. பின்னால் மணல் பூவாணம் போல எழும்பியது. கடைசியில் வயிறு மணலில் படிய, கெப் நின்றது.

அவர் மணலோடு கதைத்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

சாமித்தம்பி முதலாளி கிட்டப்போய்க் கதவில் தட்டினார். “என்ன உதயன், மணல் என்னவாம்?”

அந்த நேரத்தில்தான் சாலிஹின் கெப் வந்தது. மாமாவின் பழைய டயர்கள் பாதிக் காற்றோடு, அகலமாக, அப்பளம் போல மணலில் படிந்து உருண்டன. புதைவதற்கு அவற்றில் ஒரு பல்லும் இல்லை. சாலிஹ் மாமாவைக் கடந்து தண்ணீர் ஓரத்தில் போய் நின்றார். வந்து சேர்ந்ததில் ஆகத் திகைத்துப்போனவர் அவர்தான். கண்ணாடியை இறக்கித் திரும்பத் திரும்ப மணலைப் பார்த்தார். அவர் தள்ளுவதற்கென்று கூட்டி வந்த இரண்டு பேரும் பின்னால் வேலையில்லாமல் நடந்து வந்தார்கள்.

மடி ஏறியது. சாலிஹ் முதல் விலை கேட்டார். பிறகு வலை இழுத்தவர்கள் அதே கயிற்றைக் கொண்டுவந்து மாமாவின் கெப்பில் கட்டினார்கள். வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவர் வழமைபோல எடுத்துக் கொடுத்தார், மற்றவர்கள் ஏலேலோ சொல்லி இழுத்தார்கள். கெப் கரையேறியது. ஏறியதும் ஒருவரும் கலையவில்லை. வரிசையாக நின்றார்கள்.

“என்ன?” என்றார் மாமா.

“பங்கு.”

“இது வலை இல்லையடா, கெப்.”

“கயிறு ஒரே கயிறுதானே அண்ணே.”

சட்டத்தில் ஓட்டை இல்லை. மாமாவிடம் ஒரு மீனும் இல்லை. கடைசியில் சாலிஹிடம் ஒரு பெட்டி வாங்கி ஆளுக்கு ஒரு கையாகப் பங்கு வைத்துக் கொடுத்தார். அன்று வியாபாரம் என்று அவர் செய்தது அதுதான்.

வீட்டில் மாமி கேட்டார். மாமா சொன்னார்: “இந்த வருசம் மணல் சரியில்ல. சுனாமிக்குப் பிறகு மணல்ட குணம் மாறிட்டு.”

“அது நடந்து இருவது வருசம் போயிட்டு.”

“குணம் மாற நாள் எடுக்கும்தானே.”

மணல் அடுத்தடுத்த நாட்களிலும் சரிவரவில்லை. வலை இழுக்கிறவர்களுக்கு மாமாவின் டயர்கள் நன்றாகப் பிடித்துப் போயின. ஒரே காலையில் இரண்டு பங்கு. மாமாவுக்கு ஆகச் சுட்டது வேறொன்று. ஒருவரும் அவரை ‘புதைஞ்ச உதயன்’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். பெயரின் முன்பாதியை மட்டும் விட்டுவிட்டு ‘உதயன்’ என்றார்கள். பெற்ற தாய் கூப்பிட்ட பெயர் ஒருவருக்கு அவமானமாகக் கேட்பதை அப்போதுதான் கண்டேன்.

ஒரு பின்னேரம் எங்கள் வீட்டு வாசலில் கெப்பை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அம்மா தந்த தேத்தண்ணியைக் குடித்து முடிக்கும் வரைக்கும் வேறு கதைகள் கதைத்தார். பிறகு, யாரோ ஒரு தூரத்து உறவுக்காரரின் நோயை விசாரிப்பது போலக் கேட்டார்:

“அந்த அவுஸ்திரேலியாக்காரன்... காத்தப் பத்தி என்னவோ சொன்னவன். என்ன அது?”

நான் போனில் தேடி எடுத்து வாசித்தேன். இந்த முறை அவர் தொழில் என்ன என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தாழம்பற்றைக்குப் பின்னால் கெப்பை நிறுத்தி, “ஆரும் வாறாங்களோ எண்டு பார் புள்ள” என்றார். நான் காவல் நின்றேன். அவர் குந்தியிருந்து ஒரு தீக்குச்சியால் வால்வை அழுத்தினார். காற்று சீறியது. அவருடைய முகத்தைப் பார்த்தால் தானே தன் வீட்டில் களவெடுப்பவர் போல இருந்தது. டயர்கள் தளர்ந்து பரந்தன. கெப் மணலில் இறங்கியது, போனது, தண்ணீர் ஓரத்தில் போய் நின்றது. அன்று முதல் விலை மாமாவுடையது. திரும்பி வந்து, சீற்றுக்குக் கீழே சாக்கில் சுற்றி மறைத்திருந்த ஒரு புதுப் பம்பை எடுத்துக் காற்று அடித்தார். முன்பு இருந்த அதே தாழம்பற்றை, அதே கரகரப்பு. வசனங்கள் மட்டும் இல்லை.

பெயரின் முன்பாதி ஒரு கிழமைக்குள் திரும்பி வந்தது. ஊர் அதற்குக் காரணமும் கண்டுபிடித்தது: புது டயர் மணலுக்குப் பழகிவிட்டது. முதலில் பழக்க வேண்டுமாம், கன்றுக்குட்டி மாதிரி. மாமா மறுக்கவில்லை. இரண்டு வண்டிக்காரர்கள் காத்தான்குடிக்குப் போய் அதே பல்லு டயரைப் பூட்டிக்கொண்டு வந்து புதைந்தார்கள். “பழகும், பழகும்,” என்று மாமா ஆறுதல் சொன்னார். வலை இழுக்கிறவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அவர்கள் வீட்டில் அந்த நாட்களில் கருவாடு போடும் அளவுக்கு மீன். உண்மை தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி நான். மாமாவின் இரகசியத்தைக் காப்பது மரியாதை என்று ஒரு நாள் தோன்றும், இது என்ன மரியாதை என்று மற்ற நாள் தோன்றும். இரண்டுக்கும் நடுவில் சும்மா இருந்தேன்.

ஒரே ஊரிலிருந்து வரிசையாக ஆட்கள் வந்து ஒரே டயரைக் கேட்டால் எந்தக் கடைக்காரருக்கும் சந்தேகம் வரும். றிப்ஷானுக்குச் சந்தோஷமும் வந்தது. கடையின் பேஸ்புக் பக்கத்துக்கு ஒரு படம் வேண்டும், மாமாவின் கெப் தண்ணீர் ஓரத்தில் நிற்க, பின்னால் வலை வர, என்று ஒரு நாள் காலையிலேயே வந்து இறங்கினார். அன்று எனக்கு மட்டக்களப்பில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் நேர்முகம். மாமா மீனோடு என்னையும் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. சேலையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் கடற்கரையில் நின்றேன்.

மாமா வழமைபோலப் பற்றைக்குப் பின்னால் வேலையை முடித்துவிட்டு இறங்கித் தண்ணீர் ஓரத்தில் நிறுத்தினார். றிப்ஷான் டயரைப் பார்த்துச் சிரித்தார்.

“ஒட்டகக் கால். சொன்னதக் கேட்டிரிக்கீங்க.”

“மெள்ளக் கதை தம்பி.”

“சரி அண்ணன். ஆனா படத்துக்கு இது சரிவராதே. சப்பட்டையா நிண்டா, இதென்ன புது டயர் எண்டு சனம் கேக்கும். காத்து அடிங்க.”

மணலுக்குக் காற்றைக் குறைக்கச் சொன்னவரே அதைச் சொன்னார். மாமாவும் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. பம்பை எடுத்து, கடல் பக்கமாக மறைந்து நின்று, நாலு டயருக்கும் அடித்தார். டயர்கள் உருண்டு திரண்டன. பற்கள் வெயிலில் மினுங்கின. மாமா கதவில் சின்னம் உரித்த இடத்து இரண்டு கைகளுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்றார். றிப்ஷான் குந்தியும் படுத்தும் படம் எடுத்தார்.

“தங்கச்சி, படத்துக்குக் கீழ போட ஒரு வசனம் எழுதித் தாங்க. நீங்க படிச்சவ.”

“எங்கும் புதையாது” என்று எழுதிக் கொடுத்தேன். நான் எழுதியவற்றில் ஆகக் கூட ஆட்கள் வாசித்தது இன்றைக்கும் அதுதான்.

அதற்குள் மடி கரைக்கு வந்துவிட்டது. நேர் முன்னால் மாமாவின் கெப். முதல் விலை மாமா கேட்டார், முழு மீனும் அவருக்கு. நல்ல பாரை, பெட்டி பெட்டியாக ஏறியது. ஒவ்வொரு பெட்டிக்கும் கெப் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியதை நான் கண்டேன். மாமா ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டார். பற்கள் ஒரே ஒரு தரம் தோண்டின. மாமா உடனே எஞ்சினை நிறுத்தினார்.

றிப்ஷான் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கிசுகிசுத்தார். “காத்தப் புடுங்குங்க அண்ணன். ரெண்டு நிமிசம்.”

“இத்தன பேர் பாக்கவா?”

பாதி ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. வலை இழுத்தவர்கள் கயிற்றைச் சுருட்டாமல் கையில் வைத்துக்கொண்டு ஆசையோடு நின்றார்கள். சாமித்தம்பி முதலாளி கிட்ட வந்தார்.

“கயிறு கட்டட்டோ உதயன்?”

மாமா இறங்கினார். கதவை மூடினார். சேட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“என்னத்துக்கு? நான் இன்னும் போகல்லையே. தம்பிக்குப் படம் இன்னும் எடுக்கக் கிடக்கு. பின்னேர வெயில்தான் வடிவு எண்டு சொல்றான். என்ன தம்பி?”

றிப்ஷான் அவரைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், தன் கடையைப் பற்றி நினைத்தார். “ஓம்,” என்றார். “பின்னேர வெயில்.”

“அப்ப மீன்?” என்றார் சாமித்தம்பி முதலாளி.

மாமா திரும்பி, கொஞ்சம் தள்ளி வெறும் வண்டியோடு நின்ற சாலிஹைப் பார்த்தார். “சாலிஹ், உன்ட வண்டி சும்மாதானே. இதுகள ஏத்து. கூலி தாறன்.”

அவ்வளவு பாரையும் கைமாறி ஏறியது. கயிற்றுக்காரர்கள் ஏமாற்றத்தோடு கலைந்தார்கள். மாமா றிப்ஷானைக் கெப்புக்குக் காவல் வைத்தார். நல்ல சப்பாத்தும் மடிப்புக் கலையாத சேட்டுமாக றிப்ஷான் கெப்பின் நிழலில் மணலில் உட்கார்ந்தார். மாமா சாலிஹுக்குப் பக்கத்தில் ஏறினார். நான் பின் சீற்றில். மாமாவின் பழைய டயர்கள், அவருடைய மீனையும் அவரையும் சுமந்துகொண்டு, ஒரு குலுக்கலும் இல்லாமல் மணலைத் தாண்டின.

வீதிக்கு வந்ததும் சாலிஹ் தாழம்பற்றை ஓரத்தில் நிறுத்திப் பம்பை எடுத்தார். மாமா கொடுத்த பம்பு. மாமா ஒருவரும் கேட்காமலே இறங்கிப்போய் அதை வாங்கி, பின் இடது டயரில் மாட்டினார்.

“இதுக்குக் கொஞ்சம் கூட அடிக்கோணும். விடியக்குள்ள ஆக இறங்குறது இதுதான்.”

“கரைச்சல்தான் அண்ணன்,” என்றார் சாலிஹ். “இந்த ரிம் நாலையும் கழட்டி, துருவச் சுரண்டி, ஒட்டி அடைப்பமெண்டு இரிக்கன். ஒருக்கா அடைச்சா மறுகா காத்துப் போகாது.”

பம்பு கரகரத்தது. அடைத்தால் இரவில் காற்று இறங்காது, நாளைக்கே சாலிஹ் பாதி மணலில் நிற்பார். தண்ணீர் ஓரம் மாமாவுக்கு மட்டும் என்றாகிவிடும். “அடை” என்ற ஒரு சொல் போதும். அது நல்ல அறிவுரை போலவும் கேட்கும். நான் பின் சீற்று ஜன்னலால், டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த அவருடைய கழுத்தின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமா பம்பைக் கழற்றினார். வால்வில் எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ரிம்மின் ஓரத்தில் விரலை ஓட்டினார். துரு செதிலாக உதிர்ந்தது.

“அடைக்காத,” என்றார்.

“ஏன் அண்ணன்?”

“அது அப்பிடியே கிடக்கட்டும். காலையில அடிக்காத. வரக்குள்ள அடி.”

சாலிஹ் டயரைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பிறகு திரும்பி, பற்றைகளுக்கு மேலால் தூரத்தில் தண்ணீர் ஓரத்தில் உயரமாக நின்ற வெள்ளைக் கெப்பைப் பார்த்தார். பகிடி ஒன்று வாய்வரைக்கும் வந்ததை நான் கண்டேன். அதை விழுங்கிவிட்டு அடுத்த டயருக்குப் பம்பை நகர்த்தினார்.

நாலாவது டயரும் முடிந்து ஏறிய பிறகுதான் மெதுவாகக் கேட்டார்: “அப்ப அண்ணன்ட கெப்ப எப்ப எடுக்கப் போற?”

“சனம் வீட்ட போகட்டும்,” என்றார் மாமா. “நீ சுறுக்கா எடு. புள்ளைக்கு நேர்முகம்.”